கம்பியில் கடந்த கணக்கு

நம் வயல் வட்டை காக்கும் விவசாயக் குழுவின் தலைவர் வினாயகமூர்த்தி அவர்களே! வயதால் மூத்த, வாழ்வால் முதிர்ந்த பெரியோரே! மடியில் பிள்ளையும் மனதில் பாரமுமாய் அமர்ந்திருக்கும் தாய்மாரே! மாங்கேணியிலிருந்து மனைவி கேதீஸ்வரியின் படத்தோடு வந்திருக்கும் திவாகரன் தம்பி! கணிதம் கற்பிக்கும் தனுஷியாவின் தலைதாழ்ந்த வணக்கம்.

இரங்கல் உரைக்க அழைத்தீர்கள். இலக்கணம் உரைக்க வந்திருக்கிறேன்.

'கேதீஸ்வரி இறந்தாள்' என்கிறது பதாகை. இறந்தாள் என்பது செயப்படுபொருள் குன்றிய வினை. அவள் ஒருத்தி போதும், வேறெவரும் வேண்டாம். 'கொன்றோம்' என்று சொல்லிப் பாருங்கள்! அது குன்றாவினை. யாரை என்று கேட்டால் கேதீஸ்வரியைக் காட்டும். யார் என்று கேட்டால்? ஏன் குனிகிறீர்கள்?

கணிதத்தில் கடப்புத் தொடர்பு என்பார்கள். வேலியைவிட வாழை உயரம். வாழையைவிடத் தென்னை உயரம். ஆகவே வேலியைவிடத் தென்னை உயரம். நடுவில் நிற்கும் வாழையைக் காட்டித் தென்னை தப்ப முடியாது.

யானைக்கென்று வரம்பில் மின்கம்பி இழுக்கச் சொன்னவர் ஒருவர். இழுத்தவர் யோகராசா. கம்பி கொன்றதோ, புல்லுப் பிடுங்க வந்த கேதீஸ்வரியை! சொன்னவர், தான் இழுக்கவில்லை என்கிறார். இழுத்தவர், சொன்னதைச் செய்தேன் என்கிறார். மின்சாரம் மட்டும் மறுபேச்சின்றிக் கடந்து போனது.

முன்வரிசையிலிருந்து ஒலிவாங்கியை நிறுத்தச் சொல்கிறீர்களா அண்ணன்? நிறுத்துங்கள். எனக்கு வகுப்பறைக் குரல் இருக்கிறது.

எல்லாத் தொடர்பும் கடப்பதில்லை. கம்பியைப் பற்றிய எச்சரிக்கை வீட்டுக்கு வீடு கடந்தது. கூலிக்கு வந்தவளிடம் மட்டும் கடக்கவில்லை. ஏன் என்று பக்கத்து வீட்டுப் புஸ்பம் அக்காவிடம் கேட்டேன். "வெளியாக்களுக்குச் சொன்னா பொலிசுக்குப் போயிருமெண்டாங்க, தங்கச்சி" என்றார்.

நாளை மரண விசாரணை. கரண்ட் அடித்தது என்று சொல்லி நின்றுவிடாதீர்கள். கரண்டைக் கொடுத்த கம்பிக்குப் போங்கள். கம்பியை இழுத்த கைக்குப் போங்கள். கைக்குக் கட்டளையிட்ட வாய்க்குப் போங்கள்! அந்த வயலின் சோற்றை உண்ட நான் முதல் சாட்சியாக நிற்பேன். என் முழுப்பெயரைக் கேட்பார்கள். வினாயகமூர்த்தி தனுஷியா என்பேன். இழுக்கச் சொன்னவர் யார் என்பார்கள். அந்தப் பெயரின் முதற்பாதியை மீண்டும் ஒருமுறை சொல்வேன்.

எழுந்து போகாதீங்க அப்பா. இருங்க.

கோபத்தோடேனும் கேட்டிருந்த உங்கள் எல்லோருக்கும் நன்றி. திவாகரன் தம்பி, நாளை விசாரணையில் சந்திப்போம். வணக்கம்.