மேலே நின்றவன்

அம்பர்நாத் சாயத் தொழிற்சாலையில் அபாயச் சங்கு அலறியபோது மணி காலை பத்து ஐம்பத்தொன்று. நீங்கள் 'பதினோரு மணி வாக்கில்' என்று எழுதியிருக்கிறீர்கள், இன்ஸ்பெக்டர். திருத்திக்கொள்ளுங்கள். இந்த 'வாக்கில்'தான் ஊரில் பாதித் தொழில்களைக் கெடுக்கிறது.

என் பெயர் வேங்கடசுப்ரமணியன். மாட்டுங்காவில் வீடு, செம்பூரில் ஆபீஸ். பதினெட்டு வருடமாக நிர்வாக ஆலோசகர். ஒரு கம்பெனிக்குள் போவேன், ஸ்டாப்வாட்ச்சும் குறிப்பேடுமாக வேலை செய்கிறவர்களைப் பார்த்துக்கொண்டு நிற்பேன், யார் தேவையில்லை என்று முதலாளிக்குச் சொல்வேன். பெரும்பாலும் முதலாளிக்கே அது தெரிந்திருக்கும். சொல்லத் தைரியம் இருக்காது. அந்தத் தைரியத்தை என்னிடம் வாடகைக்கு எடுப்பார்கள்.

இங்கே முதலாளி நம்பிராஜன், திருநெல்வேலிக்காரர். ஆட்களும் அவர் ஊர்ப்பக்கம்தான்; தாராவியிலிருந்து ரயிலில் வருகிறவர்கள். சாயத் தொட்டி பதினான்கு அடி ஆழம். வாரம் ஒருமுறை செல்லப்பாண்டி அதில் இறங்கிக் கசடு அள்ளுவான். அவன் இடுப்பில் கட்டிய கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு மைத்துனன் இசக்கிதுரை மேலே நிற்பான். கால் நிமிடத்துக்கு ஒருமுறை "அத்தான்!" என்று கூப்பிடுவான். கீழேயிருந்து ஸ்பானரால் சுவரில் இரண்டு தட்டு. மறுபடி "அத்தான்!", மறுபடி இரண்டு தட்டு. நாற்பது நிமிடமும் இதேதான். மாமியார் வீட்டில்கூட ஒருவனை இத்தனை தடவை கூப்பிட மாட்டார்கள். இசக்கிதுரையின் பெயருக்கு நேராக 'வேலை இல்லை' என்று குறித்தேன்.

ஏணியில் ஏறி வந்த செல்லப்பாண்டி என்னைப் பார்த்தான்.

"என்ன சார், காலி பீலி, சும்மா குறிச்சிக்கிட்டே நிக்கிய? அந்த வாட்ச்சக் கயித்துல கட்டி ஒரு தடவ உள்ள எறக்குவமா? அதுக்கும் மூச்சு முட்டுதான்னு பாப்பம்."

"வேண்டாம் அத்தான், வாட்ச் வெல கூடுனது. சாரையே எறக்கிருவம்," என்றான் இசக்கிதுரை.

எல்லோரும் சிரித்தார்கள். நம்பிராஜனும் சிரித்தார். அதையெல்லாம் நான் மனதில் வைத்துக்கொள்கிறவன் இல்லை. ஜூலை ஒன்பது, வியாழக்கிழமை, மூன்று பத்துக்கு நடந்தது அது.

அடுத்த வாரம் இறங்கியபோது கீழேயிருந்து தட்டு வரவில்லை. இசக்கிதுரை இன்னொரு முறை கூப்பிட்டான். உடனே கயிற்றை இழுத்தான். நாலு பேர் கூடி இழுத்தார்கள். செல்லப்பாண்டி வாந்தி எடுத்தான், சாய்ந்து கிடந்தான், டீ குடித்தான், மறுபடி இறங்கினான்.

"கேஸு சார், வெசக் காத்து. வருஷத்துல ரெண்டு தடவ இப்பிடி வரும்," என்றான் இசக்கிதுரை, நான் கேட்காமலே.

'வேலைத் தடை, முப்பத்தொரு நிமிடம்' என்று குறித்தேன். அறிக்கையில் சேர்க்கவில்லை. வருடத்தில் இரண்டு நாள் வருவதற்காக ஐம்பது வாரம் ஒருவனை நிற்க வைப்பது நிர்வாகம் அல்ல, பஜனை.

என் பரிந்துரை எளிமையானது. இசக்கிதுரை பேக்கிங்குக்குப் போகட்டும். கயிற்றைக் கைப்பிடிக் கம்பியில் கட்டிவிடலாம். கம்பி லீவு கேட்காது.

நம்பிராஜன் தயங்கினார். "அது பழகிப்போச்சு சார். ஒரு ஆளு நின்னா மனசுக்கு ஒரு இதுவா இருக்கும்."

'இது' என்றால் என்ன என்று கேட்டேன். ஒருமுறை சோதித்துப் பார்க்கச் சம்மதித்தார். சரியாக வந்தால் அவருடைய மற்ற இரண்டு ஆலைகளின் ஆலோசனை வேலையும் எனக்கு.

செவ்வாய்க்கிழமை சோதனை. செல்லப்பாண்டி இறங்கினான். கயிறு கம்பியில். ஸ்டாப்வாட்ச்சோடு நான் மேலே நின்றேன்; வேறு யாரும் இல்லை. கூப்பிட ஆளில்லாவிட்டாலும் அவன் பாட்டுக்குத் தட்டிக்கொண்டே இருந்தான். அந்தத் தட்டுகளையும் வீண் அசைவுகள் என்று எண்ணி வந்தேன். சோதனையின் நடுவில் குறுக்கிடக் கூடாது என்பது என் தொழிலின் முதல் விதி.

டீ நேரத்தில் இசக்கிதுரை அந்தப் பக்கம் வந்தான். தொட்டியருகே நின்று காது கொடுத்தான். என்னைத் தள்ளிவிட்டுக் கயிற்றுக்குப் பாய்ந்தான். கத்தியதும் சங்கை அழுத்தியதும் அவன்தான். ஆட்கள் ஓடிவந்து இழுத்தார்கள்.

"நாலஞ்சு நிமிஷம் முன்னாடி எடுத்திருந்தா பிழைச்சிருப்பார்," என்றார் டாக்டர். நாலா, அஞ்சா? டாக்டர்களும் இப்படித்தான்.

நீங்கள் இரண்டு மணி நேரமாக என் படிப்பு, என் ஒப்பந்தம், என் அறிக்கை என்று என்னென்னவோ கேட்டீர்கள். கேட்க வேண்டியதை ஆஸ்பத்திரி வராந்தாவில் இசக்கிதுரை கேட்டுவிட்டான். அழவில்லை, சட்டையைப் பிடிக்கவில்லை.

"தட்டுற சத்தம் எப்ப சார் நின்னுச்சு?"

பதினெட்டு வருடத்தில் ஒரு தொழிலாளி என்னிடம் கேட்ட முதல் ஒழுங்கான கேள்வி. குறிப்பு என் கையிலேயே இருந்தது.

"பத்து நாப்பத்திரண்டு," என்றேன். "பதினாலு செகண்ட்."