கை நனைத்த சாட்சி

என் பெயர் முருகையன், வயது அறுபத்து மூன்று, தகப்பனார் ரெத்தினம், பாபநாசத்துக்குத் தெற்கே வாய்க்கால்கரைத் தெருவில் சொந்த வீட்டில் மனைவி பூவம்மாளுடன் குடியிருக்கிறேன், தொழில் விவசாயம். ஊர் நியாயம் பேசுவதும் உண்டு, அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றேன், விவசாயம் போதும் என்று இன்ஸ்பெக்டர் ஐயா சொல்லிவிட்டார்கள். இந்த விவகாரம் போலீஸ் ஸ்டேஷனில் வந்து நிற்கும் என்று நான் அப்போதே சொன்னவன். மேட்டூர் அணையை எப்போது திறப்பார்கள் என்று முன்கூட்டியே சொன்னதும் நான்தான், எங்கள் பக்கம் யாரைக் கேட்டாலும் தெரியும். இந்த விவகாரத்தை யாரிடம் சொன்னீர்கள் என்று ஐயா கேட்டதற்கு, வெளியே சொல்லவில்லை, மனதுக்குள் சொல்லிக்கொண்டேன் என்று தெரிவித்தேன்.

எட்டாவது வரை படித்திருக்கிறேன். அந்தக் காலத்து எட்டு இந்தக் காலத்து டிகிரிக்குச் சமம். காலையிலிருந்து இந்த பெஞ்சில் உட்கார்ந்திருப்பதால் முழங்கால் மரத்துவிட்டது, சர்க்கரை வேறு இருக்கிறது, ஆகையால் சுருக்கமாகவே சொல்கிறேன்.

வானதி என் அண்ணன் நாகநாதனின் ஒரே மகள். வயது இருபத்தாறு. கும்பகோணத்தில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்குப் பார்க்கிறாள். புகாரில் கண்ட இளம்பரிதி அதே ஊரில் தனியார் கல்லூரியில் வாத்தியாராக இருக்கிறார், சொந்த ஊர் கீழ்வேளூர்ப் பக்கம். 'அவன்' என்று சொல் என்று அண்ணன் வெளியே வைத்துச் சொல்லி அனுப்பினார், ஆனால் எனக்கு வாயில் 'அவர்' என்றே வருகிறது, ஐயா அப்படியே எழுதிக்கொள்ளவும்.

குறுவை நடவு சமயத்தில் என் பம்பு மோட்டாரின் காயில் கம்பி கருகிவிட்டது. அதைக் கட்டக் கொடுக்கக் கும்பகோணம் போனேன். கொடுத்துவிட்டு ஒரு காபி சாப்பிடலாம் என்று பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில் உள்ள ஓட்டலுக்குள் நுழைந்தேன். அந்த ஓட்டலில் நான் நுழைந்தால் கல்லாவில் இருப்பவரே எழுந்து நிற்பார். அன்று அவர் ஊரில் இல்லை. அங்கே மூலை மேஜையில் வானதியும் ஒரு பையனும் எதிரெதிரே உட்கார்ந்து ஒரு காபியை ஒன் பை டூவாகப் பிரித்து வாங்கி, இரண்டு பேரும் குடிக்காமல் வைத்திருந்தார்கள். காபியில் ஆடை கட்டியிருந்தது. என்னைப் பார்த்ததும் அந்தப் பையன் எழுந்து நின்றவர், நான் சொல்லும் வரை உட்காரவில்லை. வேறு மேஜை காலியில்லாததால் நான் அங்கேயே உட்கார்ந்தேன்.

அதன் பிறகு நான் விசாரணை செய்தேன். எந்த ஊர் என்று கேட்டேன், சொன்னார். எந்தத் தெரு என்று கேட்டேன், அதையும் மறைக்காமல் சொன்னார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை. பிறகு வானதி, "சித்தப்பா, நெய் ரோஸ்ட் சொல்லவா?" என்றாள். வீட்டில் பூவம்மாள் எனக்கு மூன்று வேளையும் கேழ்வரகும் கோதுமையும்தான் போடுகிறாள். நான் சரி என்றேன்.

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது ஏன் ஓட்டல் ஓட்டலாக இப்படிச் சுற்ற வேண்டும் என்று கண்டித்தேன். அதற்கு வானதி, "எங்க ரெண்டு பேரையும் ஒண்ணா உக்கார வைக்க ஒரு வீடு கெடையாது சித்தப்பா. அவங்க வீட்டுக்கு நான் போனா அவங்கம்மா பயந்து கதவச் சாத்துறாங்க. நம்ம வீட்டப் பத்தி உங்களுக்கே தெரியும். ஓட்டல்ல காபி தீர்ற வரைக்கும் உக்காரலாம். அதான் குடிக்காம வச்சிருக்கோம்" என்றாள். சொல்லும்போது அழவில்லை, பஸ் வராத ஸ்டாப்பில் நிற்பவள் மாதிரி சொன்னாள். சப்ளையர் அஸார் அந்த நேரத்தில் வந்து மேஜையைத் துடைத்தார். துடைத்த மேஜையையே மறுபடியும் துடைத்தார். அப்படித் துடைத்தால் எழுந்திருங்கள் என்று அர்த்தம். என்னைப் பார்த்த பிறகு துணியைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அப்போதுதான் எனக்கு ஒன்று புரிந்தது. இரண்டு பேர் உட்கார்ந்தால் நாலு பேர் திரும்பிப் பார்க்கிறார்கள். கூட ஒரு பெரிய மனிதர் உட்கார்ந்துவிட்டால் அது குடும்பம் ஆகிவிடுகிறது. அவர்களுக்கும் அது புரிந்துவிட்டது. அதன் பிறகு சனிக்கிழமை தோறும் நான் அவர்களோடு போய் உட்கார்ந்து வந்தேன். கும்பகோணத்தில் தெரிந்த முகங்கள் அதிகமானால் தஞ்சாவூர் போவோம், பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு மெஸ், அங்கேயும் ஆள் பார்த்தால் திரும்பவும் கும்பகோணம். பஸ்ஸில் அவர்கள் தனித்தனியாக ஏறுவார்கள், நடுவில் நான் நிற்பேன். எல்லா ஊரிலும் என்னைத் தெரிந்தவர்கள் உண்டு என்பதால் பாதுகாப்புக்காகவே போனேன். அஸார் ஒரு நாள், "என்னங்க பெரியவரே, இவங்களுக்கு ஜாமீன் நிக்கிறீங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

அண்ணனிடம் ஏன் தெரிவிக்கவில்லை என்று ஐயா கேட்டார்கள். சமயம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு வாரமும் இளம்பரிதி பூவம்மாளுக்கென்று அசோகா அல்வா வாங்கிக் கொடுத்துவிடுவார். அதை நான் வாங்கியதாகச் சொல்வேன். அண்ணன் எங்கள் வீட்டுக்கு வரும்போது கேட்டு வாங்கிச் சாப்பிட்டிருக்கிறார். "உனக்குத்தாண்டா நல்ல கடை தெரியுது" என்றார்.

இங்கே ஒரு வழக்கத்தை எழுதிக்கொள்ள வேண்டும். எங்கள் பக்கத்தில் சம்மதம் இல்லாத இடத்தில் கை நனைக்க மாட்டோம். பெண் பார்க்கப் போனால்கூடப் பேச்சு முடிகிற வரை காபி பலகாரத்தோடு நிறுத்திக்கொள்வோம். இலை போட்டுச் சோறு சாப்பிட்டுவிட்டால் ஒத்துக்கொண்டதாக அர்த்தம், பிறகு வாய் பேச முடியாது. இது தெரிந்தவன் ஆகையால் நான் அவர்கள் கூட டிபன் மட்டுமே சாப்பிட்டு வந்தேன். ரோஸ்ட், பூரி, ரவா, பொங்கல் எல்லாம் டிபன் கணக்கில் சேரும். பொங்கல் அரிசிதானே என்று ஐயா கேட்டார்கள். பொங்கல் டிபன்தான்.

போன சனிக்கிழமை மோட்டார் மறுபடியும் நின்றுவிட்டதால் விடிந்ததிலிருந்து வயலில் நின்று பார்த்துவிட்டு, எதுவும் சாப்பிடாமல் கும்பகோணம் போய்ச் சேர்ந்தேன். போகும்போதே மத்தியானம் ஆகிவிட்டது. கண் இருட்டிக்கொண்டு வந்தது. வானதி என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சித்தப்பா, இன்னிக்கு சாப்பாடே சாப்பிட்டுடுவோம். உங்களுக்கு சுகர் வேற" என்றாள். இலை போட்டார்கள். நான் வத்தக்குழம்பு, ரசம், மோர் என்று வரிசையாகச் சாப்பிட்டு, பழக்கதோஷத்தில் இலையையும் என் பக்கமாக மடித்துவிட்டேன். மடித்த பிறகுதான் என்ன செய்தேன் என்று தெரிந்தது.

வானதி என் இலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "கை நனைச்சிட்டீங்க சித்தப்பா" என்றாள்.

நான், "பசிக்குச் சாப்பிட்டது கணக்குல வராது" என்றேன்.

"மூணு தடவ சோறு வாங்கினீங்க. வேணும்னா அஸார் அண்ணனக் கேளுங்க."

அஸார் பக்கத்து மேஜையில் இலை எடுத்துக்கொண்டே, "நாலு தடவம்மா" என்றார்.

அதன் பிறகு வானதி, திங்கட்கிழமை காலை கோயிலில் மாலை மாற்றிக்கொண்டு பதிவு ஆபீசுக்குப் போவதாகவும், தன் பக்கத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட நான் வர வேண்டும் என்றும் சொன்னாள். "நம்ம வீட்டுலேருந்து ஒரே ஒருத்தர் வந்தா போதும் சித்தப்பா. ரொம்ப அலுத்துப் போச்சு" என்றாள். அதுவரை என்னை சார் என்று கூப்பிட்டு வந்த இளம்பரிதி, "வராட்டியும் பரவால்ல மாமா. யாராவது கேட்டா பாக்கலன்னு மட்டும் சொல்லிடுங்க, போதும்" என்றார்.

நான் கை கழுவ எழுந்து போனேன். கழுவிவிட்டுத் திரும்பிய சமயம், இளம்பரிதி வானதியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். அவள் "சித்தப்பா" என்று கத்தினாள். நான் ஓடினேன். என் ஓட்டம் ஊருக்கே தெரியும், ஆனால் முழங்கால் ஒத்துழைக்கவில்லை. அவளை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

அன்று சாயங்காலம் வானதி வீட்டுக்கு வரவில்லை. அவள் அம்மாவுக்குப் போன் செய்து, கூட வேலை பார்க்கும் பெண்ணின் ஹாஸ்டலில் இருப்பதாகவும் இனி வீட்டுக்கு வரப்போவதில்லை என்றும் சொல்லியிருக்கிறாள். அண்ணன் நேராக என்னிடம் வந்து, "நீ டவுனுக்குப் போனியே, எதாவது கண்ணுல பட்டுதா?" என்று கேட்டார். பக்கத்தில் பத்துப் பேர் நின்றார்கள். கூட உட்கார்ந்து சாப்பிட்டேன் என்று சொல்லாமல், ரோட்டில் போகும்போது பார்த்தேன், அவன் வானதி கையைப் பிடித்து இழுத்துப் போனான் என்று சொன்னேன். மறுநாள் அண்ணன் என்னைக் கண்ணால் கண்ட சாட்சியாகப் போட்டுப் புகார் எழுதிக் கொடுத்தார். இன்று திங்கட்கிழமை. காலையில் இரண்டு பேரையும் இங்கே வரவழைத்துவிட்டார்கள். வானதி பட்டுப்புடவையில் வந்திருக்கிறாள். மாலைகள் ஒரு பையில் கட்டியபடியே அவர்கள் பெஞ்சுக்கு அடியில் இருக்கின்றன.

வானதி தன் இஷ்டத்தோடுதான் போனேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டாள். அண்ணன் வெளியே மரத்தடியில் ஆட்களோடு நின்றுகொண்டு, அவளை மிரட்டி எழுத வைத்திருக்கிறார்கள், என் தம்பி கண்ணால் பார்த்தவன் என்கிறார். பலவந்தம் என்பதற்கு உங்கள் சாட்சியத்தைத் தவிர வேறு எதுவும் இல்லை, நீங்கள் சொன்னபடி எழுதினால் அந்தப் பையனை ரிமாண்ட் செய்ய வேண்டியிருக்கும், வேலையும் போகும், யோசித்துச் சொல்லுங்கள் என்று ஐயா சொன்னார்கள்.

அதன் பிறகு இதுவரை எழுதியதை ஐயா படித்துக் காட்டினார்கள். இழுத்தது எந்தக் கையை என்று கேட்டார்கள். வலது கை என்றேன். சாப்பிட்ட கையா, கழுவின கையா என்று கேட்டார்கள். நான் என் வலது கையைத் திருப்பிப் பார்த்தேன்.

அந்த நேரத்தில் ஏட்டு ஒருவர் ஒரு பொட்டலத்தைக் கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்தார். இட்லி. யார் வாங்கச் சொன்னது என்று கேட்டேன். எதிர் பெஞ்சைக் காட்டி, "அந்தத் தம்பிதான். மாமாவுக்கு சுகர், நேரத்துக்குச் சாப்பிடணும்னு காசு குடுத்துச்சு" என்றார். நான் நிமிர்ந்து பார்த்தேன். இளம்பரிதி சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். வானதி அவர் தோளில் தலை வைக்காமல், தோளுக்குப் பக்கத்துச் சுவரில் தலை வைத்துக் கண்ணை மூடியிருந்தாள். நான் பொட்டலத்தைப் பிரிக்கவில்லை. இட்லி டிபன்தான், இருந்தாலும் பிரிக்கவில்லை.

கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் கீழ்க்கண்டதையும் எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டேன். ஓட்டலில் நான் தேவைக்கு மேல் குழாயடியிலேயே நின்றேன். வானதி பின்னால் வந்து, "வரேன் சித்தப்பா. தண்ணிய மூடுங்க, வீணாப் போவுது" என்றாள். நான் திரும்பவில்லை. குழாய்க்கு மேலே உள்ள கண்ணாடியில் வாசல் தெரிந்தது. வண்டி வானதியுடையது, ஓட்டியதும் அவள்தான். அவர் பின்னால் உட்கார்ந்தார், விழாமல் இருக்க வண்டியின் பின்கம்பியைப் பிடித்துக்கொண்டார், அவளைப் பிடிக்கவில்லை. பூவம்மாளுக்கு வாங்கிய அல்வா மேஜையில் என் துண்டுக்குப் பக்கத்தில் இருந்தது.

எனக்கும் அண்ணனுக்கும் ஒரே வாய்க்கால். அவர் மடை விட்டால்தான் என் வயலுக்குத் தண்ணீர். இந்தத் தாளில் கையெழுத்துப் போட்ட பிறகு அவர் விட மாட்டார், இதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன், இந்தத் தடவை வாய்விட்டே சொல்கிறேன்.

மேலே கண்டதை ஐயா இரண்டாம் முறையும் படிக்கக் காதால் கேட்டேன். ஓட்டல்காரர் எழுந்து நிற்பது, என் ஓட்டம் ஆகியவற்றில் கொஞ்சம் கூடுதல் குறைவு இருக்கலாம். கையைப் பிடித்து இழுத்ததும் அவள் கத்தியதும் நடக்கவில்லை, அது நானாகச் சேர்த்தது. நான் அவர்களோடு இலையில் சோறு சாப்பிட்டது நடந்தது.

(ஒப்பம்)
ரெ. முருகையன்