குறிப்பெழுத விட்ட கோடு

மத்தியானம் பன்னெண்டரை. ராத்திரி இல்ல... நல்ல உச்சி வெயில். 2006, மே மாசம், ஞாயித்துக்கிழமை. நாச்சாரம் ஃபேக்டரி ரோட்டுல ஈ காக்கா கிடையாது. எல்லா ஷட்டரும் இறங்கிக் கிடக்கு. அந்த ரோட்டுல தனியா நடந்து போறா அனுபமா. வேற யாருமில்ல, என் ஃப்ரெண்ட் ரோகிணியோட நாத்தனார்தான்.

திருச்சிப் பொண்ணு. ஐதராபாத் வந்து நாலே மாசம். ஏ.எஸ்.ராவ் நகர்ல ரோகிணி வீட்டுலதான் தங்கியிருந்தா. கம்ப்யூட்டருக்குத் தகரப் பெட்டி அடிக்கிற கம்பெனில, புதுசா வர்ற ஆளுங்களுக்கு ட்ரெயினிங் குடுக்கிற வேலை. மறுநாள் காலைல பதினோரு பேருக்கு, தகட்டை அமுக்கி வளைக்கிற பிரஸ் மெஷின் கிளாஸ். முடிஞ்ச கையோட அவங்களை மெஷின்ல நிறுத்திடுவாங்க. அவங்களுக்குக் குடுக்க ஸ்லைடுகளைப் பேப்பர்ல அடிச்சு வைக்கத்தான் வந்திருந்தா.

கேட்டுல வாட்ச்மேன் மல்லேஷம். உள்ள ஒரு ஆள் இல்ல.

முதல் பக்கமே பூராக் கருப்பா வந்துது. ஆபீஸ்ல கம்ப்யூட்டர் பாக்கிற வெங்கட்டுக்குப் போன் போட்டா.

"ஸ்லைடுக்குப் பின்னாடி கருநீலம் குடுத்திருக்கீங்கல்ல, அதான். கலரை எடுத்துட்டு பிளாக் அண்ட் ஒயிட் போடுங்க. ஹேண்ட்அவுட், பக்கத்துக்கு மூணு."

சரியா வந்துது. இடது பக்கம் மூணு ஸ்லைடு, வலது பக்கம் குறிப்பெழுத வெறும் கோடு. ஆனா நாலாம் பக்கத்துல... மூணாம் நம்பர் பிரஸ் படத்துக்கு நேரா, அந்தக் கோட்டு மேல ஏதோ கிறுக்கல். புழு நெளிஞ்ச மாதிரி. ஸ்க்ரீன்ல பாத்தா ஒண்ணுமில்ல.

"பிரிண்டர் டிரம் அழுக்கா இருக்கும். கார்ட்ரிட்ஜை எடுத்து ஆட்டிப் போடுங்க"ன்னான் வெங்கட்.

ஆட்டிப் போட்டா. அந்த ஒரு பக்கத்தை மட்டும் திரும்ப அடிச்சா. கிர்ர்ர்... சக்.

கிறுக்கல் போகல. சுழிச்சு சுழிச்சு, கோட்டு மேல வந்து உக்காந்திருந்துது.

துடைச்சா. புதுக் கட்டுப் பேப்பர் பிரிச்சா. திரும்ப கிர்ர்ர்... சக்.

இப்ப அது எழுத்து. தெலுங்கு எழுத்து. சுடச்சுட வந்த பேப்பர்... ஆனா டோனர் வாசனை இல்ல. கிரீஸ் வாசனை.

அவளுக்குத் தெலுங்கு படிக்க வராது. பேப்பரைத் தூக்கிட்டு கேட்டுக்கு ஓடினா. மல்லேஷம் டிபன் டப்பால சோறு பிசைஞ்சுகிட்டிருந்தான். பாத்ததும் கை அப்படியே நின்னுடுச்சு.

"அம்மா... இதி எவரு ராசாரு?" யாரு எழுதினதுன்னு கேக்கறான்.

"என்ன எழுதியிருக்கு? அதைச் சொல்லு முதல்ல."

ஒவ்வொரு எழுத்தாக் கூட்டிப் படிச்சு, அரைகுறை இந்தில சொன்னான். 'மூணாவது பிரஸ்ல கை வைக்காதீங்க. கதவு திறந்திருந்தாலும் இறங்கும்.'

அன்னிக்கு ராத்திரி அவ தூங்கல. காலைல மேனேஜர் லக்ஷ்மிநாராயணன்கிட்டப் போய் நின்னா.

"ஒரு பேப்பரைக் காட்டி மெஷினை நிறுத்துன்னா எப்படிம்மா?"

"நிறுத்த வேணாம் சார். கதவைத் திறந்து வச்சு ஒரு தடவை ஓட்டுங்க. கை வேணாம்... ஒரு மரக்கட்டை வைங்க."

முறைச்சுகிட்டேதான் வச்சார். கை உள்ள போகாம மறைக்கிற மெஷின் கதவு அது; திறந்திருந்தா பிரஸ் ஓடவே கூடாது.

தடால்!

கட்டை ரெண்டாப் பொளந்து விழுந்துது. வேலை சுருக்கா முடியணும்னு கதவு ஸ்விட்ச் வேலை செய்யாதபடி அதோட ஒயரை எவனோ முறுக்கி விட்டிருக்கான். அந்தப் பதினோரு பேரும் பின்னாடி நின்னு பாத்துகிட்டிருக்காங்க. மெயினை மேனேஜரே போய் அணைச்சார்.

சாயந்திரம் கேட்டுல நின்னு மல்லேஷத்தைக் கேட்டா. "யாரோட எழுத்து அது?"

ஸ்டூலை அவ பக்கம் நகத்திப் போட்டான்.

"யாதகிரி. போன தசராவுக்கு முந்தின வாரம் அந்த மெஷின் அவன் வலது கையை எடுத்துடுச்சு. எட்டு நாள் ஆஸ்பத்திரில இருந்தான். நான்தான் கூட. ஒரு பலகை கேட்டான், இடது கையால எழுதிப் பழகணும்னு. பாவம்... கடைசி வரைக்கும் ஒரு எழுத்து நேரா வரலம்மா. கிறுக்கினபடியே கண்ணை மூடிட்டான்."

அவ கையிலிருந்த பேப்பரை வாங்கி, வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சுப் பாத்தான்.

"இப்பதான்... நல்லா வந்திருக்கு."