எறும்பு மருந்துத் தீர்மானத்துக்கு ஒரு வீட்டோடு மாப்பிள்ளையின் மறுப்பு

ஒலிவாங்கியை அணைக்கும் பொத்தான்மீது விரலை வைத்தபடியே வீற்றிருக்கும் குடியிருப்புச் சங்கத் தலைவர் அவர்களே, முழங்காலைத் திட்டிக்கொண்டே மாடிப்படி ஏறி வந்த பெரியோர்களே, அடுப்பை அணைத்தோமா இல்லையா என்ற கவலையோடு அமர்ந்திருக்கும் தாய்மார்களே, முதல் வரிசையில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்க்கும் பட்டாம்பூச்சிப் பாதுகாப்புக் குழுவின் தலைவியும், நான் குடியிருக்கும் வீட்டின் உரிமையாளரும், என் மனைவியைப் பெற்றெடுத்தவருமான அத்தை அவர்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

இன்றைய தீர்மானம் என்ன? பின்சுவரோரம் மிச்சமிருக்கும் ஒரே புதருக்கும் எறும்பு மருந்து அடிப்பது. மருந்தடிப்பவர் அதோ, கலக்கி முடித்து வாசலிலேயே நிற்கிறார். கொஞ்சம் பொறுங்கள் ஐயா, நான் பேசி முடிக்கும் வரையிலாவது எறும்புகள் வாழட்டும்.

நடந்தது என்ன? நீலப் பட்டாம்பூச்சியின் புழுக்கள்மீது எறும்பு மொய்ப்பதை நம் குழு பார்த்தது, பதறியது. "ஐயோ, பச்சப்புள்ளைய எறும்பு கடிச்சுத் திங்குதே" என்று அத்தை கண் கலங்கினார்கள். மாமா தலைக்குச் சாயம் பூசும் பிரஷ்ஷைக் கொண்டுவந்து எறும்புகளைத் தட்டிவிட்டார்கள். மன்னியுங்கள் மாமா, ரகசியம் வெளியே வந்துவிட்டது. தட்டத் தட்ட எறும்பு வந்தது. முன்வாசல் புதர்களுக்கெல்லாம் மருந்து வந்தது. எறும்பு ஒழிந்தது, குழு கைதட்டியது. பிறகு குளவி வந்தது, சிலந்தி வந்தது, புழுக்கள் போயின. இப்போது முன்வாசலில் பட்டாம்பூச்சி எங்கே இருக்கிறது? நம் சங்கத்தின் பெயர்ப்பலகைப் படத்தில் இருக்கிறது.

அந்த எறும்புகள் தின்ன வந்தவை அல்ல, தாய்மார்களே, காவலுக்கு வந்தவை. புழு தன் முதுகிலிருந்து ஒரு சொட்டு இனிப்பைக் கசியவிடும். எறும்பு அதைக் குடித்துவிட்டுக் குளவியை விரட்டும். காவலனைக் கொன்றுவிட்டுக் களவுக்குக் கண்ணீர் வடித்தால் தகுமா? வேலியே பயிரை மேய்ந்தது என்பார்கள். நாம் வேலியைப் பிடுங்கிப்போட்டுவிட்டுப் பயிருக்காக அழுதோம்.

இன்னும் சில வகைப் பட்டாம்பூச்சிகள் உண்டு. எறும்பே புழுவைத் தூக்கிப்போய், தன் புற்றில் வைத்து, தன் குஞ்சுக்குக் கொடுப்பதை அதற்கும் ஊட்டி வளர்க்கும். வேலை கிடையாது, வாடகை கிடையாது, வேளாவேளைக்குச் சாப்பாடு.

பின்வரிசையில் சிரிப்பது யார்? என் சகலையா? என்ன சொல்கிறீர்கள், "வீட்டோட மாப்பிள்ளைன்னு நேரா சொல்லிடுங்க" என்றா? சொல்கிறேன். அத்தை வீட்டுச் சோற்றில் வளர்ந்த உடம்புதான் இது. அதனால்தான் புழுவின் பயம் எனக்குப் புரிகிறது. நாளை ஒரு நல்லவர் வந்து, "பாவம் இந்தப் பையன், மாமியார் எப்பப் பாத்தாலும் கடிக்கிறாங்களே" என்று இரக்கப்பட்டு அத்தைமீது மருந்தடித்தால் என் கதி என்ன? நான் யார் வீட்டுக் கதவைத் தட்டுவேன்? சகலை வீட்டிலா சாப்பிடுவேன்?

அத்தை எழுந்துவிட்டார்கள். ஒலிவாங்கியைக் கொடுங்கள். வேண்டாமா? சரி, அவர்கள் குரலுக்கு அது தேவையில்லை.

"மாப்பிள்ளை, அப்ப முன்வாசல்ல போனதெல்லாம் என்னாலதானா?"

அத்தை, சுற்றி வளைத்து ஏதாவது சொல்லலாம் என்று பார்த்தேன். முடியவில்லை. ஆமாம். பாசத்தால்தான் செய்தீர்கள், ஆனாலும் ஆமாம்.

அவையோரே, ஒன்றின்மீது பாசம் வைத்தால் போதுமா? அது யாரை நம்பி வாழ்கிறது என்று பார்க்க வேண்டாமா? எறும்பு ஊரக் கல்லும் தேயுமாம்; ஒரு தீர்மானம் தேயாதா? இந்தப் புதரும் போனால் நம் பிள்ளைகளுக்குப் பெயர்ப்பலகையைத்தான் காட்ட வேண்டும். தீர்மானம் வேண்டாம் என்பவர்கள் கை தூக்குங்கள்.

அத்தை, நீங்கள் கை தூக்கவில்லையே. எங்கே போகிறீர்கள்? வாசலுக்கா?

எல்லோரும் கொஞ்சம் அமைதியாக இருங்கள், மருந்துக்காரரிடம் ஏதோ சொல்கிறார்கள்.

"தம்பி, கலக்குனத எடுத்துட்டுக் கெளம்புங்க. அந்தப் புதர்ப் பக்கம் வந்தீங்க, நானே கடிப்பேன்."

தலைவர் அவர்களே, இனி என் பேச்சும் வேண்டாம், வாக்கெடுப்பும் வேண்டாம். பொறுமையோடு கேட்ட உங்களுக்கும், புதரின் வேரடியில் விழித்திருக்கும் அந்தக் காவலர்களுக்கும் என் நன்றியும் வணக்கமும்.