வெறுங்காலோடு வந்த கட்டிங் மாஸ்டர்

திங்கட்கிழமை காலை, திருப்பூர் போகும் பேருந்தில் என் முன்சீட்டில் இருவர் இருந்தார்கள். ஒருவர் ஸ்டெல்லா, இன்னொருவர் அவரோடு ஒரே பனியன் கம்பெனியில் தைக்கும் வளர்மதி. பேருந்தில் இல்லாதவர் ஸ்டெல்லாவின் கணவர், அதே கம்பெனியின் கட்டிங் மாஸ்டர். பேச்சு முழுக்க அவரைப் பற்றித்தான்.

“செருப்பு திருட்டுப் போனதுக்கு ஸ்தோத்திரம் சொன்ன ஆளு நீங்க ஒருத்தருதாங்க்கா,” என்றார் வளர்மதி.

“பின்ன என்ன கண்ணு? கிறிஸ்துமஸுக்கு முன்வரிசையில சேர் குடுக்கலைன்னு கோவிச்சுட்டுப் போனவரு, ஒம்பது வருசமா சர்ச் வாசல மிதிக்கல. போன வாரம் அவராவே வந்தாரு. புதுச் செருப்பக் கழட்டி வெளிய போட்டுட்டு, கடைசி வரிசையில, நம்ம கம்பெனி ஒடிசாப் பசங்களோட தரையில முழங்கால் போட்டாரு.”

“மாஸ்டருங்களா? மொதலாளி வந்தாலே எந்திரிக்க மாட்டாருங்களே!”

“அதான். நான் பாடறத மறந்து பாத்துட்டே இருந்தேன். முடிஞ்சு வெளிய வந்தா செருப்பக் காணோம். இனி இந்தப் பக்கமே வரமாட்டாருன்னு நெனச்சுட்டேன்.”

“கத்துனாருங்களா?”

“சிரிச்சாரு கண்ணு! ‘சேர் கேட்டவனுக்குச் செருப்பும் இல்ல பாரு, ஆண்டவர் முன்னால நிக்க இதுதான் சரி’ன்னாரு. கொதிக்கற தார் ரோட்டுல ஊடு வரைக்கும் வெறுங்காலோட நடந்தாரு. நேத்து ஊட்டுல இருந்தே வெறுங்காலோட கெளம்பி, எனக்கு முன்னால போயி அதே எடத்துல முழங்கால் போட்டுட்டாரு!”

ஸ்டெல்லாவின் குரல் பேருந்து முழுக்கக் கேட்டது.

“செருப்பு என்ன வெலைங்க்கா?”

“ஒம்பது வருசமா அழுது ஜெபிச்சேன் கண்ணு. கடைசியில ஆன செலவு நானூத்தம்பது ரூவா!”