மூன்றாம் சீடியும் எமிலியானுஸ் அண்ணையின் பெருவிரலும்

கால் ஆடும் கதிரையிலும் தான் ஆடாமல் அமர்ந்து இந்த அவையை ஆளும் வாசிகசாலைத் தலைவர் சிவகுரு ஐயா அவர்களே! கடற்காற்றிலும் அணையாத திரிபோல் எங்கள் நடுவே நிற்கும் பங்குத்தந்தை அவர்களே! நயினாதீவிலிருந்து படகு மாறிப் படகேறி வந்து எங்களைப் பெருமைப்படுத்திய கோவில் ஐயா அவர்களே! கறுப்புக் கண்ணாடியோடும் கையில் பளபளக்கும் வட்டத் தட்டோடும் கொழும்பிலிருந்து வந்து வீற்றிருக்கும், இந்த எழுவைதீவு பெற்றெடுத்த கணினி வித்தகர் றொமேஷ் தம்பி அவர்களே! காத்திருந்து காத்திருந்தே கரையைத் தேய்த்த தாய்மாரே! வலை உலர்த்திய கையோடு வந்த வாலிபர்களே! பின்வரிசை வாங்குப் பலகையில் இருந்து பீடியை மறைக்கும் தம்பையா அண்ணை அவர்களே! எல்லாருக்கும் இந்த அன்ரனிட்டாவின் அன்பு வணக்கம்!

எனக்கு ஐந்து நிமிடம் தந்திருக்கிறார்கள். ஐந்தாம் வகுப்போடு புத்தகத்தை வைத்துவிட்டுக் கருவாட்டுக் கடகத்தைத் தூக்கியவளுக்கு ஐந்து நிமிடம். கணக்குச் சரிதான். ஆனால் நான் கணக்கில் பிழை விடப் போகிறேன் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். என்ன தம்பையா அண்ணை? "சுருக்கிச் சொல்லும்" எண்டோ? நீங்கள் கலியாண வீட்டிலை வாழ்த்துரை சொல்ல எழும்பினால் சோறு ஆறிப்போகும். பேசாமல் இருங்கோ.

இன்று என்ன விழா? நம் வாசிகசாலைக் கணினிக்கு மூன்றாவது முறையாகப் புதுச் சீடி போடும் விழா. கணினியை மேடைக்குத் தூக்கி வைத்தாயிற்று, மாலை கட்டியாயிற்று, மின்பிறப்பாக்கி முழங்குகிறது, பிள்ளைகளுக்குச் சர்பத் கரைத்தாயிற்று. எல்லாம் சரி. ஆனால் தலைவர் ஐயாவின் சட்டைப் பைக்குள் ஒரு கடிதம் இருக்கிறது. எங்கள் செயலாளர் எமிலியானுஸ் அண்ணை பதவி விலகும் கடிதம். சீடி உள்ளே போன கையோடு அதை வாசித்து ஏற்றுக்கொள்வதாம். அந்தக் கடிதத்தை வாசிக்க விடமாட்டேன் என்று சொல்லத்தான் நான் இந்தப் படியேறி வந்தேன்!

கைதட்டாதீர்கள். நீங்கள் வெட்கப்பட வேண்டிய கதை இது. நானும்தான்.

இரண்டாயிரத்து மூன்றில் இந்தக் கணினி படகில் வந்து இறங்கியபோது கோவில் தேரைத் தொடுவதுபோல் தொட்டுப் பார்த்தோமா இல்லையா? எட்டு மாதம். எங்கள் உப்புக்காற்று அதன் வயிற்றுக்குள் இருந்த நினைவுத் தகட்டை அரித்து முடித்துவிட்டது. அப்போதுதான் றொமேஷ் தம்பி முதல் சீடியைக் கொண்டுவந்தார். "அக்கா, இனி இதுக்கு வயிறு தேவையில்லை. இந்தச் சீடியைப் போட்டால் போதும், எழும்பி வேலை செய்யும்" என்றார். எழும்பியது. ஆனால் எப்படிப்பட்ட எழும்பல்? காலையில் கண் விழிக்கும், பகல் முழுக்கப் பாடுபடும், அணைத்தால் அத்தனையும் மறக்கும்! அதனால் நாம் செய்து வைத்த ஒழுங்குகளை எல்லாம் விரல் அளவு பென் டிரைவ் ஒன்றில் எழுதி வைத்தோம். சீடி அதை எழுப்பும். அந்தச் சின்னக் குச்சி அதற்கு நம்மை ஞாபகப்படுத்தும். இதுதான் சங்கதி. விளங்குகிறதா இராசேஸ்வரி அக்கா? ஓமாம். பொய். பரவாயில்லை.

இப்போது எமிலியானுஸ் அண்ணையைப் பாருங்கள். பூவரசுக்குக் கீழே, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறாரே, அவர்தான். நங்கூரக் கயிறு அவர் வலக்கையின் நாலு விரல்களை எடுத்துக்கொண்டு போனது. பெருவிரலை மட்டும் விட்டுவைத்தது. வலை இழுத்த கை அது. வள்ளம் தள்ளிய கை அது. என் அண்ணன் கடலில் விழுந்தபோது தலைமயிரைப் பிடித்துத் தூக்கிய கையும் அதுதான்! கடல் தொழில் இனி இல்லை என்றானபின் அவர் என்ன செய்தார்? மூலையில் முடங்கினாரா? வாசிகசாலைக்கு வந்தார். ஒரு கையால் தட்டெழுதப் பழகினார்.

ஒரு கையால் தமிழ் எழுதுவது லேசா? பாதி எழுத்துக்கு இரண்டு விசையை ஒரே நேரத்தில் அழுத்த வேண்டும். ஒன்றைப் பிடித்தால் மற்றதுக்கு விரல் எட்டாது. அவர் ஆங்கில அகராதியை மடியில் வைத்துக்கொண்டு, கணினிக்குள் கதவு கதவாகத் திறந்து தேடினார். பதினொரு நாள்! ஒரு விசையை அழுத்திவிட்டால் அடுத்த விசை வரும்வரை அது காத்திருக்கும் ஒழுங்கைக் கண்டுபிடித்தார். மவுஸை இடக்கைக்கு மாற்றினார். விரல் போன வலக்கைக் குற்றி தவறிப் பட்டாலும் எழுத்து விழாதபடி விசைகளை மெதுவாக்கினார். பன்னிரண்டாம் நாள் அந்தக் கணினி அவருடைய கணினி ஆனது. அவர் எழுதிய கடிதங்களால் நமக்கு வந்தவை எத்தனை? தண்ணீர்த் தாங்கி வந்தது. வலைக்கு நட்டஈடு வந்தது. வாரம் இரண்டு நாள் தாதி வந்தார்.

பிறகு என்ன வந்தது? றொமேஷ் தம்பியின் இரண்டாவது சீடி வந்தது!

தம்பி, கண்ணாடியைக் கழற்றும். உம்மட முகத்தைப் பாத்து ஏச வேணும்.

பழைய சீடி கீறுப்பட்டுப் போனது, புதியது வேகமானது, எல்லாம் உண்மை. ஆனால் புதியதைப் போட்ட மறுநாள் எமிலியானுஸ் அண்ணை வந்து அமர்ந்தார். விசை காத்திருக்கவில்லை. மவுஸ் வலப்பக்கம் போய் நின்றது. குற்றி பட்ட இடமெல்லாம் எழுத்துக் கொட்டியது. வயலின் வாசித்தவனுக்கு உலக்கையைக் கொடுத்ததுபோல் இருந்தார் மனிதர். நான் சொன்னேன்: "அண்ணை, திரும்பவும் ஒருக்கால் செய்யுங்கோவன். பதினொரு நாள்தானே?"

அவர் என்ன சொன்னார் தெரியுமா? "அன்ரனிட்டா, ஒருக்கால் செய்தனான். சீடி மாறேக்கை எல்லாம் எனக்குக் கை இல்லையெண்டு ஒரு பெட்டிக்கு விளங்கப்படுத்திக்கொண்டிருக்க என்னாலை ஏலாது."

சபையோரே, இதைவிட ஒரு சொல் வேண்டுமா?

இறங்குதுறைக்கு விளக்கு கேட்டு ஒரு விண்ணப்பம் அனுப்ப வேண்டியிருந்தது. அதை இடக்கையால், பேனாவால் எழுதிக்கொண்டு அக்கரைக்குப் போனார். அங்கே ஓர் அலுவலகத்தில் ஒருவர் அதைத் தூக்கிப் பிடித்து, "உது ஆர் எழுதினது? முதலாம் வகுப்புப் பிள்ளையோ?" என்று கேட்டு, இருந்தவர்களுக்கும் காட்டியிருக்கிறார். அண்ணை அதை வாங்கி மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு அடுத்த படகிலே வந்தார். அன்று பின்னேரம் எழுதியதுதான் தலைவர் ஐயாவின் பைக்குள் இருக்கும் கடிதம். அதுவும் இடக்கையால் எழுதியதுதான். இறங்குதுறை இன்னமும் இருட்டு.

இதற்கு யார் காரணம்? இவ்வளவு நாளும் நான் யாரைத் திட்டினேன்? இந்தத் தம்பியைத் திட்டினேன். கருவாடு காயவைக்கும்போதும் திட்டினேன், காய்ந்ததை அள்ளும்போதும் திட்டினேன். இன்று காலை படகில் வந்து இறங்கியவரை இறங்குதுறையில் வைத்தே, "அந்த மனிசன்ரை ஒழுங்கையெல்லாம் அழிச்சுப்போட்டு என்ன முகத்தோடை வாறீர்?" என்று கேட்டேன். பிள்ளை பையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்:

"அக்கா, போனமுறை சீடியைப் போட்ட உடனை ஒரு கேள்வி வந்திருக்குமே. பழைய ஏற்பாடுகளையும் கொண்டு வரட்டோ எண்டு. அதுக்கு ஆர் பதில் சொன்னது?"

பங்குத்தந்தை சிரிக்கிறார். சுவாமி, இது வேதாகமம் இல்லை, கணினி!

யார் பதில் சொன்னது? அன்று தம்பி சீடியைப் போட்டுவிட்டு, கடைசிப் படகு போகிறது என்று ஓடினார். அறைக்குள் யார் நின்றது? வாசிகசாலையைப் பூட்டும் திறப்பு யார் கையில் இருந்தது? திரையில் ஆங்கிலத்தில் ஒரு கேள்வி எழும்பி நின்றபோது, அதற்குக் கீழே இருந்த இரண்டு பொத்தான்களில் ஒன்றை அமுக்கியது யார்?

இந்த விரல்! உங்கள் அன்ரனிட்டாவின் இந்த விரல்!

ஓம், சிரியுங்கோ. நல்லாச் சிரியுங்கோ. ஆனால் நீங்கள் நின்றிருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? தெரியாத பாசையில் ஒருவன் கேள்வி கேட்டால் நாம் என்ன சொல்லிப் பழகியிருக்கிறோம்? சண்டைக் காலத்தில் சென்றிக் காவலரணில் நிறுத்திக் கேட்டார்கள்: பையில் என்ன இருக்கு? ஒண்டும் இல்லை. வீட்டுக்கு ஆராவது வந்தவையோ? இல்லை. எதையாவது கண்டனியோ? இல்லை. எந்த நிறச் சட்டை போட்டவன் கேட்டாலும் இல்லை! பகலில் கேட்டாலும் இல்லை, படுக்கையில் கேட்டாலும் இல்லை! இல்லை என்று சொல்லித்தான் பிள்ளைகளைக் காத்தோம். இல்லை என்று சொல்லித்தான் உயிரோடு இருக்கிறோம். இருபது வருடமாக இல்லை, இல்லை, இல்லை என்றே பழகிய விரலய்யா இது! கேள்வியை வாசிக்கவே இல்லை. கேள்வி என்று கண்டதும் தானாகப் போய் 'இல்லை'யில் குத்தியது.

அந்தக் கேள்வி ஒன்றுதான் எங்களுக்கு எதையாவது தருவதற்காகக் கேட்கப்பட்ட கேள்வி. அதற்கும் இல்லை என்றுவிட்டேனே, என் அம்மாவே!

இனி ஒரு கேள்வி நான் கேட்கிறேன். புதுப் படகு இறக்குகிறோம். பழைய படகைக் கரையில் ஏற்றுகிறோம். வெறும் படகோடா கடலுக்குப் போகிறோம்? பழைய படகின் முகப்பிலிருந்த அந்தோனியார் படத்தைக் கழற்றிப் புதியதில் ஆணியடிக்காமல் எவனாவது தள்ளியிருக்கிறானா? அம்மன் குங்குமம் பூசிய பலகையை மாற்றாமல் எவளாவது வழியனுப்பியிருக்கிறாளா? துடுப்பு அவன் கைக்குச் செதுக்கியது என்றால் துடுப்பும் கூடப் போகும். படகு மாறும், படகுக்காரன் மாறுவானா? மரத்துக்கு இருக்கிற மரியாதை எங்கள் செயலாளரின் கைக்கு இல்லையா?

இப்போது கேளுங்கள், தாய்மாரே. தம்பி இன்று காலை அந்தப் பென் டிரைவைச் செருகிப் பார்த்தார். "அக்கா, ஒண்டும் அழியேல்லை. வேண்டாம் எண்டதாலை தொடாமல் அப்பிடியே வைச்சிருக்கு" என்றார். அப்படியே இருக்கிறது! பதினொரு நாள் பாடும் அப்படியே இருக்கிறது! புதுச் சீடி போட்டதும் அந்தக் கேள்வி மறுபடியும் வரும்.

தம்பி, போடும் சீடியை. தலைவர் ஐயா, நாடா வெட்டுறது பிறகு. போடும் தம்பி.

சுற்றுகிறது... எழும்புகிறது... வந்துவிட்டது. அதோ கேள்வி. ஒருவரும் தொடக்கூடாது! நான் என் கைகளை இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்கிறேன், பாருங்கள்.

எமிலியானுஸ் அண்ணை! திரும்புங்கோ. மேடைக்கு வாங்கோ.

என்னவாம்? "சனம் பாக்குது, விடும் அன்ரனிட்டா" எண்டோ? பாக்கட்டும். நீங்கள் வராவிட்டால் இந்தக் கேள்வி நாளைக்கும் இப்படியே நிற்கும், மின்பிறப்பாக்கி எண்ணெய் முடியும், தலைவர் ஐயா சர்பத் குடிக்காமல் மயங்கி விழுவார். பிழை விட்டது என்ரை விரல், அண்ணை. திருத்தவேண்டியது உங்கடை விரல். வாங்கோ.

வழி விடுங்கள். பிலோமினம்மா, அந்தப் பிள்ளையைத் தூக்குங்கோ, மிதிபடப் போகுது.

வந்துவிட்டார். சபையோரே, கணினி கேட்கிறது: பழைய ஏற்பாடுகளையும் கொண்டு வரட்டுமா? எழுவைதீவே, இருபது வருடத்துக்குப் பிறகு ஒரேயொரு முறை, வாய் திறந்து, வயிறு நிறையச் சொல்லுங்கள்!

ஓம்! கேட்கவில்லை, அக்கரைக்கும் கேட்க வேண்டும்! ஓம்!

அமுக்கிவிட்டார். வலக்கையால். கயிறு விட்டுவைத்த அந்தப் பெருவிரலால் அமுக்கிவிட்டார்.

பொறுங்கள், பொறுங்கள், எழுதுகிறார். ஒற்றைக் கையால் எழுதுகிறார். வாசித்துச் சொல்லுகிறேன்: 'இறங்குதுறைக்கு விளக்கு வேண்டும்.' அண்ணை, இரண்டு விசை எழுத்தெல்லாம் விழுந்திட்டுதோ?

"விழுந்திட்டுது. நீர் கொஞ்சம் தள்ளி நில்லும், வெளிச்சம் மறைக்குது" என்கிறார்.

தள்ளி நிற்கிறேன், செயலாளர் அவர்களே!

தலைவர் ஐயா, அந்தக் கடிதம்? பையிலிருந்து எடுக்கிறார்... மடிக்கிறார்... இன்னும் சிறிதாக மடிக்கிறார்... குனிகிறார். ஆகா! ஆடும் கதிரைக் காலுக்குக் கீழே வைத்துவிட்டார். இருந்து பாருங்கோ ஐயா. ஆடுதோ? ஆடேல்லை.

ஐந்து நிமிடத்தைப் பதினைந்தாக்கியதைப் பொறுத்த பெரியோர்க்கும், ஏச்சு வாங்கியும் எதிர்த்துப் பேசாத றொமேஷ் தம்பிக்கும், ஓம் என்று சொன்ன ஒவ்வொரு வாய்க்கும் என் நெஞ்சின் நன்றியைச் சொல்லி, செயலாளரை வேலை செய்ய விட்டு இறங்குகிறேன். வணக்கம்!