பயறுக்குப் போர்த்திய பொன்னாடை

நான் நாலாம் வகுப்பு தாண்டாதவன். தலையில் ஆணிப்பெட்டி சுமந்தே சாலைக் கடைத்தெருவில் ஹார்டுவேர் கடை வைத்தேன், அதன்மேல் மாடி எடுத்தேன், எல்லாவற்றையும் மகன் கையில் கொடுத்தேன்.

நேற்று கிழக்கேகோட்டை பஸ் ஸ்டாண்டில் பஸ் ஏறினேன். முன்சீட்டில் இரண்டு பெண்கள்.

“கஞ்சித்தண்ணி நாத்தம் போட்டோவுல தெரியுமாக்கா?”

“அதெப்படிடீ தெரியும்?”

“பின்ன ஏன் எங்க வீட்டுக்காரரு என்னைத் தள்ளி நிக்கச் சொன்னாரு? மொட்டைமாடிப் பயறுல பூச்சி மொய்ச்சா, புளிச்ச கஞ்சித்தண்ணி தெளிக்கிறது நான். குடம் சுமக்கிறது நான். குடியிருப்பு அசோசியேஷன்காரங்க போட்டோ எடுக்க வந்தா, அவரு கொடியப் பிடிச்சுட்டு நிக்காரு. அவங்க விழாவுல பொன்னாடையும் அவருக்கு.”

“மேடையில உன் பேரச் சொன்னாரா?”

“ஒத்தைக்கு, தனியாளா வளர்த்தேன்னாரு.”

“நீ கேக்கலியா?”

“கேட்டு என்னத்துக்குக்கா? மதியாயி, போதும். இன்னைக்குக் கஞ்சித்தண்ணியச் சிங்க்குல கொட்டிட்டு வந்துட்டேன். கொடி அவரு பாடு.”

அக்கா அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

அந்தப் பெண் கேட்கவில்லை, நான் கேட்கிறேன். கடையில் மகன் புதிதாக மாட்டிய பலகையில் அவன் பெயர் மட்டும் இருக்கிறது. அதற்கு மேலே என் பெயரை எழுத வேண்டும்.